கயிற்றின் மேல்முனை

1

ஆழ்கடலுக்குள் போய்வந்த ஒருவரை மேடையேற்றினால் அவரிடம் கடலைப் பற்றித்தான் கேட்கத் தோன்றும். நிறுவனங்களும் கல்லூரிகளும் கேட்பது வேறு. தலைமைப் பண்பு, குழுவாகச் செயல்படுவது, நெருக்கடியில் முடிவெடுப்பது. மலையேறிகளும் விண்வெளி வீரர்களும் கிரிக்கெட் கேப்டன்களும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் வரிசையில் இவர்களுக்கும் ஒரு நாற்காலி போட்டாயிற்று.

இந்தப் பேச்சை ஓர் இலக்கிய வடிவமாக எடுத்துக்கொண்டு விமர்சிக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக எனக்கு ஓர் ஆசை. ஏனென்றால் இதற்கென்று ஓர் இலக்கணம் உருவாகிவிட்டது. முதலில் கறுப்புத் திரை. பிறகு ஓர் எண்: 3,800 மீட்டர் அல்லது 10,900 மீட்டர். அந்த ஆழத்தின் அழுத்தத்தை விளக்க ஓர் யானை உவமை. நடுவே ஒரு கோளாறு, ஒரு நிசப்தம், பேச்சாளர் எடுத்த ஒரு முடிவு. கடைசியில் விளக்கு எரியும்போது, 'இதை நான் தனியாகச் செய்யவில்லை, என் குழுதான் செய்தது' என்று ஒரு வாக்கியம். கைதட்டல்.

நான் திருச்சி அரியமங்கலத்துக்காரன். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் ஊர் வழியாகப் போகும் தஞ்சாவூர் ரோட்டைப் பிடித்து நாகப்பட்டினம்வரை போக வேண்டும். எங்கள் ஊரின் பெயர் செய்தித்தாளில் வருவது பெரும்பாலும் அந்த 47 ஏக்கர் குப்பைக்கிடங்கை வைத்துத்தான். எனக்கு ஆழ்கடல் அறிமுகமானது 'சாஃப்ட் ஸ்கில்ஸ்' வகுப்பில், ப்ரொஜெக்டர் வழியாக. எங்கள் பக்கம் பாலிடெக்னிக், ஐடிஐ, பொறியியல் கல்லூரி எதில் படித்தாலும் அந்த வகுப்பு உண்டு. அங்கே உட்கார்ந்திருக்கும் பையன்களும் பெண்களும் நாளைக்கு எங்கே நிற்கப்போகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வெல்டிங் ஷாப்பில், பாய்லருக்குள், ஏதோ ஒரு தளத்தில் யாரோ ஒருவருடைய உத்தரவுக்குக் கீழே. அவர்களிடம் போய் 'நீங்கள்தான் கேப்டன்' என்று இந்தப் பேச்சு சொல்கிறது. கீழே இறங்குபவனுக்கும் மேலே கயிறு பிடிப்பவனுக்கும் அதில் வசனமே கிடையாது.

என் புகார் இதுதான். ஆழத்தில் நடக்கும் வேலையின் உண்மையான தலைமை கயிற்றின் மேல்முனையில் இருக்கிறது. 'இன்றைக்கு இறங்காதே', 'போதும், மேலே வா' என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவரிடம். மேடைப் பேச்சு என்ற வடிவம் அந்த நபரை மறைக்கிறது. சில கதைகளை எடுத்துப் பார்க்கலாம்.

2

இந்த வடிவத்தின் சிறந்த பேச்சாளர் என்று ராபர்ட் பல்லார்டைச் சொல்வேன். 1985 செப்டம்பர் 1 அன்று டைட்டானிக் சிதைவைக் கண்டுபிடித்த பயணத்தின் தலைவர். 'டெட்' மேடை தொடங்கி எத்தனையோ அரங்குகளில் பேசியிருப்பவர்; கதைசொல்லத் தெரிந்தவர். அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் கதையில் ஒரு விநோதம் உண்டு. டைட்டானிக் அகப்பட்ட அந்த நொடியில் அவர் அங்கே இல்லை.

'நார்' என்ற ஆய்வுக்கப்பல். அதன் அடியில் நீண்ட கேபிளில் 'ஆர்கோ' என்ற கேமரா வண்டியை இழுத்துக்கொண்டு போகிறார்கள். நாள் முழுக்கத் திரையில் வெறும் சேறு. நள்ளிரவு தாண்டி ஒரு மணி வாக்கில் ஏதோ உலோகத் துண்டுகள் தெரிகின்றன. பிறகு ஒரு பாய்லர். அந்த முறையில் காவலிருந்தவர்களின் பொறுப்பாளர் ழான்-லூயி மிஷல், பிரெஞ்சுக்காரர், பயணத்தின் இணைத்தலைவர். பல்லார்ட் தன் அறையில் படுக்கையில் புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறார். போய்க் கூப்பிட வேண்டும், ஆனால் திரையை விட்டு நகர யாருக்கும் மனசு வரவில்லை. அந்த நேரத்தில் அங்கே இருந்த கப்பலின் சமையல்காரரை அனுப்புகிறார்கள்.

பல்லார்ட் இதை ஒளிக்காமல் சொல்கிறார் என்பது அவருக்குப் பெருமை. ஆனால் சமையல்காரர் அந்தக் கதையில் ஒரு சிரிப்பாக மட்டும் வந்துபோகிறார். மிஷல் ஓர் அடிக்குறிப்பாக. அதைவிட முக்கியமான இன்னொரு விஷயம் பெரும்பாலும் விடுபட்டே போகிறது. 'நார்' வருவதற்கு முன்பு, அதே கோடையில், 'லெ சுருவா' என்ற பிரெஞ்சுக் கப்பல் வாரக்கணக்கில் அந்தக் கடற்பரப்பை சோனாரால் கோடுகோடாக உழுதது. தேட வேண்டிய பகுதியில் பெரும்பங்கை அவர்கள் முடித்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. 'இங்கே இல்லை, இங்கேயும் இல்லை' என்று அவர்கள் அடித்துவைத்த கட்டங்கள்தான் பல்லார்டுக்கு மிச்சமிருந்த இடத்தைச் சின்னதாக்கிக் கொடுத்தன.

குழுப்பணி என்றால் எனக்கு இதுதான். ஒருத்தர் ஒன்றும் கிடைக்காமல் திரும்புவது இன்னொருத்தருக்குக் கிடைப்பதற்கான பாதி வேலையாக இருப்பது. நியாயமாகப் பார்த்தால் அந்தப் பிரெஞ்சு மாலுமிகளின் வெறுங்கை நாட்களிலிருந்து ஒரு நாவலே எழுதலாம். தலைமைப் பேச்சால் அதை ஜீரணிக்க முடியாது. அதற்கு வெற்றி வேண்டும், வெற்றிக்கு ஒரு முகம் வேண்டும். வெறுங்கையோடு திரும்பியவரை எந்த அரங்கில் யார் கூப்பிடுகிறார்கள்?

3

மேடைப் பேச்சுக்கு எதிரில் நான் வைக்க விரும்புவது ஒரு குறிப்பேட்டை.

1930 முதல் 1934 வரை பெர்முடா கடலில் வில்லியம் பீப் என்ற இயற்கையியலாளரும் ஓட்டிஸ் பார்ட்டன் என்ற பொறியாளரும் ஓர் இரும்பு உருண்டைக்குள் உட்கார்ந்து இறங்கினார்கள். பெயர் பாத்திஸ்பியர். அதற்கு எஞ்சின் கிடையாது, சுக்கான் கிடையாது. மேலே கப்பலிலிருந்து இரும்புக் கயிற்றில் தொங்கும் ஒரு குண்டு, அவ்வளவுதான். கயிற்றோடு ஒரு தொலைபேசிக் கம்பியும் இறங்கும். 1934 ஆகஸ்ட் 15 அன்று 923 மீட்டர்வரை போனார்கள். அதுவரை எந்த மனிதரும் உயிரோடு அவ்வளவு ஆழத்தைப் பார்த்ததில்லை.

அந்தத் தொலைபேசியின் மறுமுனையில், கப்பல் தளத்தில், காதில் கருவியோடு உட்கார்ந்திருந்தவர் குளோரியா ஹாலிஸ்டர் என்ற விலங்கியலாளர். கீழே பீப் பார்ப்பதைப் பார்க்கப் பார்க்கச் சொல்லிக்கொண்டே இருப்பார். மேலே ஹாலிஸ்டர் எழுதிக்கொண்டே இருப்பார். ஆழம், நேரம், வெளிச்சத்தின் நிறம், கடந்துபோகும் உயிரின் வடிவம். பேச்சு நின்றுபோனால் அதுவே ஆபத்தின் அறிகுறி. எனவே கீழே இருப்பவர் உயிரோடிருக்கிறார் என்பதற்குப் பேச்சே சாட்சி. பீப் அந்த அனுபவத்தை நூலாக எழுதிப் புகழ்பெற்றார். ஆனால் கடலடியின் முதல் வாசகம் பிறந்தது ஹாலிஸ்டரின் பென்சில் முனையில். அவரும் சும்மா மேலே உட்கார்ந்திருந்தவர் இல்லை. 1934-இல் அதே உருண்டைக்குள் 1,208 அடி இறங்கி, பெண்களில் அதுவரை யாரும் போகாத ஆழத்துக்குப் போய்வந்தார். கீழே இருப்பது என்னவென்று தெரிந்த கைதான் மேலே எழுதிக்கொண்டிருந்தது.

அந்தக் குறிப்புகளின் நடை எனக்குப் பிடித்த நடை. துண்டு துண்டாக, பெயரடை குறைவாக, தெரியாததைத் தெரியாதது என்றே பதிந்துபோவது. அங்கே ஒருவர் பேசி ஒருவர் கேட்கிறார். கேட்பவருக்கு மேலே இழுக்கச் சொல்லும் அதிகாரம் இருக்கிறது. மேடைப் பேச்சிலும் ஒருவர் பேசி மற்றவர் கேட்கிறோம். ஆனால் நம்மால் யாரையும் மேலே இழுக்க முடியாது.

1932-இல் அந்த உருண்டையை ஆளில்லாமல் சோதனைக்கு இறக்கியபோது உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. மேலே கொண்டுவந்து மூடியின் மரையைக் கழற்றும்போது, உள்ளிருந்த அழுத்தத்தில் அது பீரங்கிக் குண்டுபோலத் தளத்தின் குறுக்கே பாய்ந்தது. ஆள் இருந்திருந்தால்? அந்தக் கேள்விக்காகத்தான் வெறும் உருண்டையை முதலில் இறக்கினார்கள். ஆழ்கடல் வேலையில் தைரியம் என்பதற்கு இப்படி ஒரு சலிப்பான முகமும் உண்டு.

4

இப்போது கயிறே இல்லாத ஒரு கதை. 2023 ஜூன் 18. ஓஷன்கேட் நிறுவனத்தின் 'டைட்டன்' டைட்டானிக்கைப் பார்க்க ஐந்து பேரோடு இறங்கி நொறுங்கியது. அதை ஓட்டிச்சென்றவர் நிறுவனத்தின் தலைவர் ஸ்டாக்டன் ரஷ். நிறுவனர், தலைமை நிர்வாகி, வடிவமைப்பைத் தீர்மானிப்பவர், மாலுமி எல்லாம் அவரே. கார்பன் இழையில் செய்த உடல். எந்தத் தரச்சான்று அமைப்பின் ஒப்புதலும் வாங்கவில்லை. விதிகள் புதுமையைத் தாமதப்படுத்துகின்றன என்று கேமரா முன்னால் நன்றாகப் பேசக்கூடியவர். அந்தப் பழைய பேட்டிகளை இன்று பார்த்தால், தலைமைப் பேச்சின் எல்லா இலக்கணமும் பிசகாமல் இருப்பது தெரியும்.

அவரிடம் குழு இல்லாமல் இல்லை. இயக்கப் பிரிவின் தலைவராக இருந்த டேவிட் லாக்ரிட்ஜ் 2018 ஜனவரியில் உடல்பகுதியின் குறைகளைப் பட்டியலிட்டு ஓர் ஆய்வறிக்கை கொடுத்தார். வேலையை விட்டு நீக்கப்பட்டார். அதே ஆண்டு, ஆழ்கடல் கலங்களைக் கட்டியும் ஓட்டியும் பழகிய முப்பதுக்கும் மேற்பட்ட நிபுணர்கள் சோதனைகளைத் தவிர்க்க வேண்டாம் என்று கடிதம் எழுதினார்கள். 2022-இல் ஒரு பயணம் முடிந்து மேலே வரும்போது பெரிய வெடிச்சத்தம் கேட்டது. அதன் பிறகும் அதே உடலோடு இறங்கினார்கள். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விசாரணை அறிக்கை 2025 ஆகஸ்டில் வந்தது. விபத்து தவிர்த்திருக்கக்கூடியது என்றும், கேள்வி கேட்பவர்களை மிரட்டிய பணிச்சூழலும் ஒரு காரணம் என்றும் அது சொன்னது.

விசாரணைக்காக வெளியிடப்பட்ட ஒரு காணொளி உண்டு. மேலே துணைக்கப்பலில் தகவல்தொடர்பு மேசையில் உட்கார்ந்திருப்பவர் ரஷ்ஷின் மனைவி. ஒரு சத்தம் கேட்கிறது. அது என்ன சத்தம் என்று கேட்கிறார். சில நொடிகளில் கலத்திலிருந்து எடைகளைக் கழற்றிவிட்டதாக ஒரு குறுஞ்செய்தி வந்துசேர்கிறது. சத்தத்துக்கு முன்பே கிளம்பி, தாமதமாக வந்த செய்தி. அதைப் பார்த்து ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். என்னால் இரண்டாவது முறை பார்க்க முடியவில்லை.

இதில் லாக்ரிட்ஜின் ஆய்வறிக்கையை நான் தலைமையைப் பற்றிய ஒரு முக்கியமான பிரதியாக வாசிக்கிறேன். அதில் உவமை இல்லை, யானை இல்லை. எந்த இடத்தில் என்ன குறை, என்ன சோதனை செய்யப்படவில்லை, அவ்வளவுதான். எந்த மேடையிலும் கைதட்டல் வாங்காத எழுத்து. கேட்கப்பட்டிருந்தால் ஐந்து பேரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய எழுத்து.

எங்கள் பக்கத்துப் பொன்மலை ரயில்வே பணிமனையில் பெரியப்பா வேலை பார்த்தார். வண்டிக்கு அடியில் ஆள் வேலை செய்யும்போது இரண்டு பக்கமும் சிவப்புக் கொடி நடுவார்கள். அதைப் பற்றி அவர் சொல்வது: "கொடியை நட்டவன்தான் எடுக்கணும். ஃபோர்மேன் இல்ல, அதுக்கு மேல உள்ள ஆபீசரே வந்து நின்னாலும் இன்னொருத்தன் அதுல கை வைக்கக் கூடாது." படிநிலையில் கடைசியில் இருக்கிற ஒருவன் கையில் அந்த நேரத்துக்கு மட்டும் மொத்த ரயிலையும் நிறுத்திவைக்கும் உரிமை. தலைமையைப் பற்றி நான் கேட்ட பேச்சுகளில் இதுவே சிறியது, இதுவே சிறந்தது.

5

இந்த இடத்தில் நமக்கு ஒரு பெருமிதம் தலைதூக்கும். 'அட, முத்துக்குளிக்கிற நம்ம ஆட்களுக்கு இது எப்பவோ தெரியுமே!' தெரியும்தான். மன்னார் வளைகுடாவில் கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு இறங்கியவர்களின் உயிர் மேலே கயிறு பிடித்தவரின் கையில் இருந்தது. தோணியில் தண்டல் ஒருவர். குளிப்பவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து, ஓர் அணி மூழ்க மற்ற அணி இளைப்பாறும். மூச்சு ஏறக்குறைய ஒரு நிமிடம். கயிறு ஆடியதும் இழுக்க வேண்டும். சுறாக்களுக்கு வாய்க்கட்டு மந்திரம் போட 'கடல்கட்டி' என்றொருவர் கரையில் இருப்பார். அவருக்கும் சிப்பியில் பங்கு உண்டு.

கயிறு பிடிப்பவர் யார் என்பதற்கு நம் பக்கம் ஒரு கதை சொல்வார்கள். அதை மச்சான் கையில்தான் கொடுப்பானாம். அக்காவோ தங்கையோ தாலியறுக்க எந்த அண்ணன் தம்பி சம்மதிப்பான்? பட்டிமன்றத்தில் இதைச் சொன்னால் அரங்கம் அதிரும். எனக்கும் பிடித்த கதைதான். ஆனாலும் விமர்சகனாக இதைக் கொஞ்சம் தட்டிப்பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கதை நம்பிக்கையை உறவுக்குள் அடைத்துவிடுகிறது. வேற்றான் கயிறு பிடித்தால் விட்டுவிடுவான் என்று சொல்லாமல் சொல்கிறது. டைட்டனின் மேல்முனையிலும் உறவு இருந்தது, கட்டிய மனைவியே இருந்தார். அன்புக்குக் குறைச்சல் இல்லை. கயிறுதான் இல்லை. நிறுத்தச் சொல்லும் வழி அதற்கு ஐந்து வருடம் முன்பே அடைபட்டுவிட்டது. மச்சான் கதையில் நான் எடுத்துக்கொள்வது அன்பை அல்ல, ஏற்பாட்டை. இழுக்க வேண்டிய நேரத்தில் யாரிடமும் அனுமதி கேட்காமல் இழுக்கலாம் என்ற ஏற்பாடு.

இன்னொன்று பங்கு. கடற்கரையில் பாடு முடிந்து வந்தால் படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரிப்பார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையின் மறிச்சுக்கட்டி முத்துக்குளிப்பில் சிப்பியில் மூன்றில் இரண்டு அரசுக்குப் போனது. குளித்தவர்கள் தரப்புக்கு மூன்றில் ஒன்று. நியாயமான பங்கா என்பது வேறு சண்டை. ஆனால் குழு என்றால் பங்கு என்ற கணக்கு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 'என் குழுதான் செய்தது' என்று மேடையில் சொல்கிறவரை, பங்கு எப்படிப் பிரிந்தது என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

தமிழில் ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) இந்தக் கேள்விகளை ஒரு சொற்பொழிவும் இல்லாமல் எழுப்புகிறது. நடுக்கடலில் உயிருக்குப் போராடும் மூன்று பேரை நாவல் விட்டுவிட்டு வந்து தொடுகிறது. அங்கே யார் தலைவர்? வயதில் மூத்தவரா, அனுபவம் உள்ளவரா, பிழைக்க வேண்டியவரா? பக்கம் பக்கமாக நாம் படிப்பது ஒரு கரையின் மூன்று தலைமுறை வாழ்க்கையை. ஆனால் அந்த மூவருக்கிடையிலான கணக்கு மனதிலிருந்து போவதே இல்லை. தலைமைப் பண்பு கற்க ஒரு தமிழ்ப் பிரதி வேண்டுமென்றால் நான் இதைத்தான் கொடுப்பேன்.

6

எங்கள் மாவட்டத்துக்கு ஆழம் என்றால் 2019 அக்டோபர்தான். மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. 25-ஆம் தேதி மாலையிலிருந்து 29-ஆம் தேதி அதிகாலைவரை மாநிலமே தொலைக்காட்சி முன்னால் இருந்தது. அமைச்சர்கள், அதிகாரிகள், மீட்புப் படைகள், ரிக் இயந்திரங்கள். குழந்தையைச் சடலமாகத்தான் எடுக்க முடிந்தது. தலைமைக்கோ குழுவுக்கோ அங்கே பஞ்சமில்லை. கைவிடப்பட்ட குழியை மூடியிருக்க வேண்டிய அந்தச் சாதாரண மூடிக்குத்தான் யாரும் பொறுப்பில்லை.

அதற்கு இரண்டு வருடம் முன்பே கோபி நயினாரின் 'அறம்' (2017) இதைப் படமாக்கிவிட்டது. ராக்கெட் ஏவும் தேசத்தில் குழியில் விழுந்த குழந்தையை எடுக்கக் கருவியில்லை என்ற கோபம் அந்தப் படத்தின் உயிர். அண்ணன் பையனைக் கயிற்றில் கட்டி இறக்கும் இடம் தமிழ் சினிமாவின் அசலான தருணங்களில் ஒன்று. ஊரே கயிறு பிடிக்கிறது. ஆனால் படம் அந்தக் கைகளோடு முடியவில்லை. கலெக்டர் மதிவதனி அரசியலுக்கு வருவதில் முடிகிறது. கயிற்றைப் பார்த்த கேமரா கடைசியில் மேடையைத் தேடிப் போய்விட்டது. நல்ல தலைவர் கிடைத்தால் போதும் என்ற ஆறுதல் நம்மை அவ்வளவு எளிதாக விடுவதில்லை.

இதே ஊர்களில், எந்தச் சோனாரும் இல்லாமல், தினமும் ஆழத்தில் இறங்கும் இன்னொரு கூட்டம் இருக்கிறது. பாதாளச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும். 2013-இல் சட்டம் அதைத் தடைசெய்தது. இறப்புக்கு 10 லட்சமாக இருந்த இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023-இல் 30 லட்சமாக்கியது. திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே மேலே நிற்பவர் யார் என்று. பெரும்பாலும் இன்னொரு கூலி. முதலாமவர் மயங்கியதும் கயிறு இல்லாததால் தானே உள்ளே குதிப்பவர். இரண்டு சடலங்கள் வரும் செய்திகளை நாம் அப்படித்தான் படிக்கிறோம். குழுப்பணியின் உச்சம் என்று எந்த மேடையும் அதைச் சொல்லாது. 'நான் இறங்க மாட்டேன்' என்று சொன்னாலும் அன்றைய கூலி கிடைக்கும் என்ற நிலை வராதவரை இழப்பீடு என்பது சாவுக்கு முன்கூட்டியே எழுதிவைத்த விலைதான்.

டைட்டன் அறிக்கை வெளிவந்த அதே 2025 ஆகஸ்ட் முதல் வாரத்தில் அட்லாண்டிக் கடலில் இரண்டு இந்தியர்கள் இறங்கினார்கள். தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் விஞ்ஞானி ராஜு ரமேஷ் 4,025 மீட்டர்; ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஜதீந்தர் பால் சிங் 5,002 மீட்டர். போனது 'நாட்டீல்' என்ற பிரெஞ்சுக் கலத்தில். டைட்டனில் இறந்த ஐவரில் ஒருவரான பால்-ஆன்றி நார்ஜொலே 1987-இல் டைட்டானிக்குக்கு இறங்கியது இதே நாட்டீலில்தான். நாற்பது வருடம் பழசான, சோதனைமேல் சோதனை கண்ட அந்தக் கலம் இன்னும் இறங்கி ஏறிக்கொண்டிருக்கிறது.

நம்முடைய சொந்தக் கலம் 'மத்ஸ்யா 6000'. 2.1 மீட்டர் விட்டமுள்ள டைட்டானியம் கோளத்துக்குள் மூன்று பேர், 6,000 மீட்டர். வழக்கமான வேலைக்கு 12 மணி நேரம், அவசரத்துக்கு 96 மணி நேரம் என்று திட்டம். 2021-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த 4,077 கோடி ரூபாய் ஆழ்கடல் திட்டத்தின் ஒரு பகுதி. 2025 தொடக்கத்தில் சென்னைக்குப் பக்கம் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் தண்ணீரில் இறக்கிச் சோதித்தார்கள். கழகம் இருப்பது பள்ளிக்கரணையில். எங்கள் ஊரைப் போலவே பெரிய குப்பைமேட்டுக்குப் பெயர்போன பகுதி.

அந்த மூவர் ஒருநாள் 6,000 மீட்டர் போய்வருவார்கள். வந்ததும் மேடைகள் காத்திருக்கும். திருச்சிக்கும் வரட்டும், பாலிடெக்னிக் பிள்ளைகள் முதல் வரிசையில் உட்காரட்டும். கேள்வி நேரத்தில் ஒரு பெண் எழுந்து, எப்படித் தலைவராவது என்று கேட்காமல், இப்படிக் கேட்டால் சந்தோஷப்படுவேன்: "சார், அன்னைக்கு நீங்க இறங்கக் கூடாதுன்னு சொல்ற உரிமை யார்கிட்ட இருந்துச்சு? அவங்க பேர் என்ன? எப்பவாவது அவங்க வேண்டாம்னு சொல்லி, நீங்க திரும்பி வந்திருக்கீங்களா?"

பதிலில் ஒரு பெயரும் ஒரு தேதியும் வந்தால், அந்தப் பேச்சை நான் முழுசாக உட்கார்ந்து கேட்பேன்.